செப்டம்பர் 30, டபுள் டூட்டி

எங்கள் நூற்பாலையில், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் ஒரு அம்மா இருந்தார். வருஷம் முழுக்க ஓவர்டைம் என்றாலே மறுத்துவிடுவார். வீட்டில் வயசான அம்மா, சின்னப் பெண். ஆனால் செப்டம்பர் 30 வந்தால் மட்டும் அவரே என்னைத் தேடி வந்து டபுள் டூட்டி கேட்பார். மதியம் இரண்டு மணிக்கு ஏறினால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் இறங்குவார். எனக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. கேட்டவுடன் பெயரை எழுதிக்கொள்வேன். ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

பாண்டுங் பக்கம் ஒரு நூற்பாலையில் 1993 முதல் 2001 வரை சூப்பர்வைசராக இருந்தேன். கோயம்புத்தூர் மில் ஆட்கள் இந்தோனேசியா போவது அப்போது சகஜம். சிங்காநல்லூரில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் மூன்று பேர் போனோம். போன முதல் வாரமே, எனக்கு முன்னால் அங்கே போயிருந்த ராஜபாளையத்து அண்ணன் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எதை வேணும்னாலும் பேசு தம்பி. அந்த மூணு எழுத்தை மட்டும் வாயில எடுத்துடாதே."

மூன்று எழுத்து என்றால் பி.கே.ஐ., இந்தோனேசியக் கம்யூனிஸ்ட் கட்சி. 1965-க்கு முன் அதில் சுமார் 30 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். 1966-ல் தடை செய்தார்கள். அந்தத் தடை இன்றுவரை நீங்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா மில் தொழிலாளி, செங்கொடிச் சங்கத்துக்காரர். 1946-ல் தூக்கிலேற்றப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நாலு பேரின் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். சரி, பிழைக்க வந்த இடம், வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்று இருந்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்த அந்த வருஷம் செப்டம்பர் 30 அன்று இரவு, மெஸ்ஸில் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் கேண்டீனுக்கு வரவேண்டும் என்று அறிவிப்பு. தொலைக்காட்சியை ஒரு மேசை மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். படத்தின் பெயர் 'பெங்கியானாத்தான் ஜி30எஸ்/பி.கே.ஐ.' பெங்கியானாத்தான் என்றால் துரோகம். ஜி30எஸ் என்பது 'செப்டம்பர் 30 இயக்கம்' என்பதன் சுருக்கம். நாலரை மணி நேரப் படம். 1984-ல் தியேட்டருக்கு வந்தது. அரசுப் படநிறுவனம் அன்றைய மதிப்பில் 80 கோடி ரூபியா செலவழித்து எடுத்தது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகத் தியேட்டருக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். அப்புறம் 1997 வரை ஒவ்வொரு செப்டம்பர் 30-ம் தேதியும் அரசுத் தொலைக்காட்சியில் போட்டார்கள். தனியார் சேனல்கள் வந்தபோது அவையும் போடவேண்டியிருந்தது. 2000-ல் தெம்போ பத்திரிகை 1,101 மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது 97 சதவீதம் பேர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள்.

எனக்கு அப்போது பாஷை அரைகுறை. ஆனாலும் படம் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எடுத்தவர் அரிஃபின் சி. நூர். மேடை நாடகத்தில் பெரிய ஆள், மதிக்கப்பட்ட கலைஞர். ஆரம்பத்திலேயே ஒரு கிராமத்தில், விடிகாலைத் தொழுகையில் இருப்பவர்களை ஒரு கும்பல் வந்து தாக்குகிறது. அப்புறம் கட்சித் தலைவர்கள் கூடிப் பேசும் காட்சிகள். முழு முகத்தைக் காட்டுவது குறைவு. உதடு, சிகரெட், விரல், புகை, சாம்பல் கிண்ணம். இப்படித் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே இருந்தால், பேசுகிறவன் மனுஷன் என்பதே மறந்துபோகிறது. எதிர்ப்பக்கம் சுகார்த்தோ, அப்போது ராணுவ ஜெனரல், பிறகு 1998 வரை அதிபர், வரும்போது முழு உருவம், நல்ல வெளிச்சம், நிதானமான குரல். அந்த வேஷத்தில் நடித்த அமோரோசோ கதம்சி கடற்படையில் டாக்டர்.

பிறகு அந்த ராத்திரி வருகிறது. 1965 செப்டம்பர் 30 நள்ளிரவு தாண்டி, லெப்டினன்ட் கர்னல் உந்துங் என்பவர் தலைமையில் வீரர்கள் லாரிகளில் போய் ராணுவத் தளபதிகளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். ஆறு ஜெனரல்கள் கொல்லப்பட்டார்கள். ஏழாவது ஜெனரல் நசுத்தியோன் சுவர் ஏறிக் குதித்துத் தப்பினார். அவருடைய ஐந்து வயது மகள் அடே இர்மா மேல் குண்டு பாய்ந்தது. சில நாளில் அந்தக் குழந்தை செத்துப்போனது. அவருடைய உதவியாளர் பியர் தெந்தேயான் என்ற இளம் அதிகாரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதெல்லாம் நடந்த விஷயம். ஜெனரல் பஞ்சாயித்தானின் மகள், முற்றத்தில் கிடக்கும் அப்பாவின் ரத்தத்தைக் கையால் அள்ளி முகத்தில் பூசிக்கொள்வாள். கேண்டீனில் அந்த இடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நானும் கண் கலங்கினேன். அந்தப் பிள்ளைகளின் அழுகை யாரும் ஜோடித்தது அல்ல. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

அதற்கு அடுத்தாற்போலத்தான் லுபாங் புவாயா வருகிறது. முதலைக் குழி என்று அர்த்தம். ஜகார்த்தாவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டம். பிடித்துவந்தவர்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பெண்கள் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். ஒருத்தி கையில் ஷேவிங் பிளேடு. கேமரா பிளேடுக்குப் பக்கத்தில் போகிறது. ஜெனரலின் கன்னத்தில் அதை வைத்து, ரத்தத்தின் சிவப்பைப் பற்றி ஒரு வசனம் பேசிவிட்டு, மெதுவாக இழுக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருபது வயசுப் பையன்கள், நூல் நிரம்பிய பாபின்களை எடுத்து மாற்றும் டாஃபிங் பையன்கள், அந்த வசனத்தை உதட்டசைவிலேயே கூடவே சொன்னார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து மனப்பாடம். அந்த பிளேடுக் காட்சியைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்ததாக எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெண்கள், பி.கே.ஐ.-க்கு நெருக்கமான கெர்வானி என்ற மாதர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பது படத்தின் கதை. அவர்கள் பாடும் பாட்டு 'கெஞ்ஜெர் கெஞ்ஜெர்'. கெஞ்ஜெர் என்பது வயலிலும் சேற்றிலும் தானாக முளைக்கிற ஒரு கீரை. ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்தில், சோற்றுக்கு வழியில்லாத ஜனங்கள் அதைப் பறித்துத் தின்றதைப் பற்றி பாஞுவாங்கியைச் சேர்ந்த முகம்மது அரிஃப் கட்டிய பாட்டு அது. 1965-ல் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. எங்கள் கேண்டீனில் அந்தக் கீரையை வாரம் இரண்டு நாள் மிளகாய் போட்டு வதக்கிப் போடுவார்கள். நன்றாக இருக்கும். பாட்டை மட்டும் யாரும் முணுமுணுத்துவிடக் கூடாது.

இரவு ஒன்றரை மணி இருக்கும், படம் முடிந்தது. தூக்கம் வராமல் ஒரு ரவுண்டு போவோம் என்று மில்லுக்குள் போனேன். கோன் வைண்டிங்கில் அந்த அம்மா அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "படம் முடிஞ்சுதா, பாக்?" என்று கேட்டார். பாக் என்றால் அப்பா. பெரியவர்களையும் மேலதிகாரிகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முடிந்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோனுக்குப் போய்விட்டார்.

1995-ல், ஒரு நாள் டீ நேரத்தில், எங்கள் ஊர் மில்களைப் பற்றி அவர் கேட்டார். பேச்சுவாக்கில் என் அப்பாவின் சங்கம் எது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே திக்கென்றது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "இங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க, பாக்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து, வீட்டில் கோழி அடித்தால் எனக்கும் ஒரு சின்ன டப்பாவில் வரும்.

1998 வந்தது. ரூபியா அடியோடு சரிந்தது. அரிசி விலை ஏறி, ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். மே மாதம் ஜகார்த்தா எரிந்தது. மே 21 காலையில் சுகார்த்தோ பதவி விலகுவதாக வாசித்ததை, அதே கேண்டீனில், அதே தொலைக்காட்சியில் பார்த்தோம். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில், இனி அந்தப் படத்தைப் போடுவதில்லை என்று தகவல்துறை அமைச்சர் யூனுஸ் யோஸ்ஃபியா அறிவித்தார்.

நான் வழக்கம்போல 30-ம் தேதிக்கு அந்த அம்மாவின் பெயரை டபுள் டூட்டியில் எழுதிவிட்டேன். பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார். "இந்தத் தடவை வேண்டாம், பாக். வீட்டுக்குப் போறேன்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குப் புரியாமல் போயிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர் சொன்னதை இங்கே எழுதலாம் என்று பிற்பாடு அனுமதி கொடுத்தார். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்.

அவருடைய அம்மா மத்திய ஜாவாவில் பாலர் பள்ளி டீச்சர். கெர்வானி இயக்கம் ஊர் ஊராக நடத்திய 'மெலாத்தி' பள்ளிகளில் ஒன்று. மெலாத்தி என்றால் மல்லிகை. 1965 கடைசியில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது மகளுக்கு நாலு வயசு. அம்மாவின் ஜடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம்; பாட்டிதான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாராம். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பல சிறைகளுக்குப் பிறகு, செமாராங் பக்கம் மலையில் ஒரு பழைய தொழுநோய் ஆஸ்பத்திரியை முள்வேலி போட்டு மாற்றியிருந்த பிளாந்துங்கான் பெண்கள் முகாம். 1979-ல் விட்டார்கள். மகளுக்கு அப்போது 18. வாசலில் வந்து நின்ற பொம்பளையை யாரென்று தெரியவில்லை என்றார். அம்மாவின் அடையாள அட்டையில் ஈ.டி. என்று இரண்டு எழுத்து குத்தியிருந்தது: முன்னாள் அரசியல் கைதி. அதனால் அவர் பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ அரசு வேலை கிடையாது. யாருக்கும் தெரியாத ஊருக்குப் போய்விடுவோம் என்றுதான் மேற்கு ஜாவாவுக்கு வந்து மில்லில் சேர்ந்திருக்கிறார். தெருத் தலைவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

வீட்டில் அந்தப் படத்தை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கவும் முடியாது, தெருவே பார்க்கும்போது பெட்டியை அணைத்துவைக்கவும் முடியாது. அதனால் டபுள் டூட்டி.

"1994-ல என் பொண்ணு நாலாவது படிச்சா. படத்தைப் பார்த்துட்டு ஒரு பக்கம் எழுதிட்டு வரணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. நான் இங்க மில்லுல இருந்தேன். அவ பாட்டி மடியில தலைவச்சுப் பார்த்திருக்கா. பிளேடு வந்ததும் பாட்டியை இறுக்கிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, 'பாட்டி, இந்த மாதிரிப் பொம்பளைங்க இப்பவும் இருக்காங்களா?'ன்னு கேட்டிருக்கா. 'இல்லம்மா, நீ பயப்படாதே'ன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மறுநாள் காலையில நான் வந்து அந்த நோட்டைப் பார்த்தேன், பாக். கெர்வானிங்கிற வார்த்தையைப் புள்ள தப்பா எழுதியிருக்கு. அம்மா அதைப் பென்சில்ல திருத்திக் குடுத்திருக்காங்க."

இதைக் கேட்ட பிறகுதான், என்னதான் நடந்தது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் பஞ்சையும் பாலியெஸ்டரையும் கலந்து நூற்போம். கலந்து நூற்றபிறகு கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ எது எவ்வளவு என்று எவனாலும் சொல்ல முடியாது. லேபில் கந்தக அமிலத்தில் போடவேண்டும். பஞ்சு கரைந்துபோகும், பாலியெஸ்டர் நிற்கும். அந்தப் படத்துக்கும் அப்படி ஒரு அமிலம் இருந்திருக்கிறது.

குழியிலிருந்து உடல்களை எடுத்தது 1965 அக்டோபர் 4. அன்று இரவே, ராணுவ டாக்டர்களும் இந்தோனேசியப் பல்கலைக்கழக டாக்டர்களுமாக ஐந்து பேர் பிரேதப் பரிசோதனை செய்து அறிக்கை எழுதிவிட்டார்கள். துப்பாக்கிக் குண்டுக் காயங்கள், கத்திக்குத்து, அடிபட்ட காயங்கள், எலும்பு முறிவுகள். கண் தோண்டப்படவில்லை. உறுப்பு அறுக்கப்படவில்லை. ராணுவப் பத்திரிகைகள் அந்த மாதமே எழுதிய அலங்கோலங்களும், பிளேடால் கீறிச் சித்திரவதை செய்த கதையும் அந்த அறிக்கையில் கிடையாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பெனடிக்ட் ஆண்டர்சன், ஒரு ராணுவ வழக்கின் ஆவணக் கட்டுக்குள் அந்த அறிக்கைகளைக் கண்டெடுத்து 1987-ல் வெளியிட்டார். பரிசோதனைக்கு உத்தரவு போட்டவரே சுகார்த்தோதான். அப்படியானால், படம் எடுக்கப்படுவதற்குப் பதினெட்டு, பத்தொன்பது வருஷம் முன்பே அவருக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டே அந்த பிளேடை ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, நாட்டிலிருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் காட்டினார்கள். செத்துப்போன அந்த ஐந்து வயசுக் குழந்தையின் உண்மையான கதைக்குப் பக்கத்திலேயே வைத்துக் காட்டினார்கள். என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

படம் தளபதிகளை அடக்கம் செய்வதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சில மாதங்களில் ஜாவாவிலும் பாலியிலும் சுமத்ராவிலும் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக் குறைந்தது ஐந்து லட்சம் பேரைக் கொன்றார்கள். பத்து லட்சம் வரை இருக்கலாம் என்கிறவர்களும் உண்டு. பலரைக் கொன்றவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களே. ராணுவம் பட்டியலும் லாரியும் கொடுத்தது. நாலரை மணி நேரத்தில் அதற்கு ஒரு நிமிஷம்கூட இல்லை.

1999-ல் லுபாங் புவாயாவுக்கு நேரில் போனேன். அந்தக் கிணற்றின் வாய் முக்கால் மீட்டர்தான் இருக்கும்; ஆழம் 12 மீட்டர். மேலே கூரை போட்டு, சுற்றிலும் தடுப்பு கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஆள் உயரப் பொம்மைகளை நிறுத்தி சித்திரவதைக் காட்சி. நினைவுச் சின்னத்தின் சுவர்ச் சிற்பத்தில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். படத்தை நிறுத்தினாலும் கல் அப்படியே நிற்கிறது.

கொன்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை 2012-ல் வந்த 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' ஆவணப்படத்தில் பார்த்தேன். சுமத்ராவில் உள்ள மேடான் நகரத்தில் தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்து, பிறகு கொலைகாரராக மாறிய அன்வர் காங்கோ அதில் பேசுகிறார். தான் செய்தது குற்றமில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ள அந்தப் பழைய படம்தான் தனக்கு உதவுகிறது என்கிற மாதிரி ஒரு இடத்தில் சொல்வார். கூட இருக்கும் அவருடைய பழைய கூட்டாளி, அந்தப் படம் பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது, வேலை செய்த இந்தோனேசியர்கள் பலருக்கும் பெயர் போடாமல் 'பெயரற்றவர்' என்று வரிசையாக வரும். எல்லாம் முடிந்து நாற்பத்தேழு வருஷம் ஆன பிறகும் பயம்.

2001-ல் நான் ஊர் திரும்பிவிட்டேன். பாட்டி 2004-ல் தவறிவிட்டார் என்று கடிதம் வந்தது. அந்தப் பெண், பென்சிலால் திருத்தப்பட்ட நோட்டுக்காரி, இப்போது டியூஷன் எடுக்கிறாள். அவளுடைய அம்மா மில் வேலையை விட்டு வீட்டிலேயே தைக்கிறார்.

2017 செப்டம்பரில், ராணுவத் தலைமைத் தளபதி காத்தோட் நுர்மான்த்யோ அந்தப் படத்தை மறுபடி ஊரெங்கும் போடச் சொன்னார் என்று செய்தி. முகாம்களிலும் மைதானங்களிலும் திரை கட்டினார்கள். இளைஞர்களுக்குப் புரிகிற மாதிரி புதிதாக ஒன்று எடுக்கலாம் என்று அதிபரே யோசனை சொன்னார். படித்ததும் மனசு கேட்காமல் அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில், உங்கள் ஊரிலும் போடுகிறார்களா என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. வீட்டுக்கு எதிரே இருக்கும் பூப்பந்து மைதானத்தில்தான் திரை கட்டியிருக்கிறார்கள். தெருவில் பாதிப் பேர் பாய் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் தையல் மெஷினை நிறுத்தவே இல்லையாம். கூடவே ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள்: மேசை மேல் மடித்து அடுக்கிய பதினொரு தலையணை உறைகள்.